கட்டினவன் ஏற வேண்டும்

அசோகா,

நீ சுகமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ சுகமாக இருக்கிற லட்சணத்தைத்தான் உன் பெண்டாட்டி சுசீலா ஞாயிற்றுக்கிழமை வந்து மூக்கைச் சிந்திச் சிந்திச் சொல்லிவிட்டுப் போனாளே. வாயும் வயிறுமாக இருக்கிறவள், பெங்களூரில் தனியாக ரயில் ஏறி, பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்தே வந்து வாசலில் நிற்கிறாள். கையில் ஒரு பை, பையில் எனக்குப் பிடிக்கும் என்று வாங்கின கொய்யாப்பழம். நான் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தேன். அவள் முகமே சரியில்லை. "இன்னாடி, அவன் எங்க?" என்றேன். "அவருக்கு டூட்டி அத்தே. நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது" என்றாள். நல்ல வேளை, குடம் இடுப்பில் இருந்தது. தலையில் இருந்திருந்தால் கீழே போட்டிருப்பேன். இதற்குள் அவளே உன்னிடம் சொல்லியிருப்பாள். சொல்லாவிட்டால் இப்போது தெரிந்துகொள். அதற்காக அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசினாய் என்று என் காதில் விழுந்தால், பெற்ற பிள்ளை என்றும் பார்க்க மாட்டேன்.

அவள் வந்தது ஒரே காரியத்துக்கு. விமானம் பழுது பார்க்கிற உன் ஒர்க் ஷாப்பில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் ரிட்டையர் ஆகிறாராம். உன் மேலதிகாரி உன்னைக் கூப்பிட்டு, அந்த இடத்துக்கு வருகிறாயா என்று கேட்டாராம். தலைக்கு மேல் ஃபேன், கையில் எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது, சம்பளமும் கொஞ்சம் கூட. எல்லாவற்றுக்கும் மேலாக, விமானத்தில் ஏற வேண்டியதில்லை. மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். நீ வாயைத் திறக்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறாயாம். "நான் சொன்னா கேக்க மாட்டார் அத்தே. நீங்க எழுதுங்க. உங்க பேச்சைத் தட்ட மாட்டார். ஸ்டோருக்கே போயிடுன்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க, போதும்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சோறு போட்டு, தலை வாரிவிட்டு, சாயங்கால வண்டிக்கு நானே கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

அலுப்பாக இருக்கிறதடா. முட்டி வலியைச் சொல்லவில்லை, அது பாட்டுக்கு இருக்கிறது. பயப்பட்டுப் பயப்பட்டு வந்த அலுப்பு. சின்னப் பிள்ளையில் என் அப்பா தங்கச் சுரங்கத்தில் பூமிக்குள் இறங்குவார், என் அம்மாவோடு சேர்ந்து நானும் பயப்படுவேன். கல்யாணம் ஆனால் தீரும் என்று பார்த்தால், உங்கப்பா இறங்குகிற ஆள் இல்லை, இறக்குகிற ஆள். அது அதைவிடப் பெரிய பயம். அவரும் போய்ச் சேர்ந்தார், இனிமேல் நிம்மதியாகக் காலை நீட்டலாம் என்று பார்த்தால் நீ ஆகாசத்தில் ஏறிக்கொண்டிருக்கிறாய். ஒரு பொம்பளை எத்தனை திசையில்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? கீழே பார்த்தாயிற்று, பக்கத்தில் பார்த்தாயிற்று, இப்போது அண்ணாந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. போதும்டா சாமி.

இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படிக்காதே. சுசீலாவைப் பக்கத்தில் உட்கார வைத்து உரக்கப் படி. அவள் பூதிகோட்டைப் பெண். ராகி, மழை, மாடு எல்லாம் அவளுக்குத் தெரியும், சுரங்கத்துச் சங்கதி தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் நான் விளக்கித்தான் எழுதுவேன். "தெரியும்மா, தெரியும்மா" என்று தாண்டிக்கொண்டு போகாதே. அந்தப் பழக்கம் உனக்கு உண்டு.

சுசீலா, உன் மாமனார் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஷாஃப்ட் என்பது பூமிக்குள் நேராக இறங்குகிற கிணறு, நம் ஊர்க் கிணறு மாதிரி இல்லை, எட்டிப் பார்த்தால் இருட்டுதான் தெரியும். அதில் கம்பிவடத்தில் தொங்குகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். ஆட்கள் அதில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள், கூண்டு இறங்கும். அந்த வடத்தைச் சுற்றுகிற இன்ஜின் சற்றுத் தள்ளி ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு நாற்காலி, எதிரே லிவர்கள், கேஜ் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டுகிற ஒரு முள். ஏற்று, இறக்கு, நிறுத்து என்பதெல்லாம் மணிச் சத்தத்தில்தான் வரும். டிரைவர் மணியைக் கேட்டு லிவரைத் தள்ளுவார், முள்ளைப் பார்த்து இழுப்பார். முன்னே அந்த நாற்காலியில் சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள்தான் உட்காருவார்கள். கம்பெனி சர்க்கார் கைக்கு வந்த பிறகு நம் ஆளுக்கு அது கிடைத்தது. சுரங்கத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக நிற்கிற இந்த லைன் முழுக்க எங்களுக்கு அப்படி ஒரு மரியாதை. நானும் கொஞ்ச நாள் தலைகால் தெரியாமல்தான் திரிந்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு பகல் ஷிஃப்டில் அது நடந்தது. அசோகா, நீ ஹைஸ்கூலில் இருந்தாய். ஷிஃப்ட் முடிந்து ஆட்களோடு மேலே வந்த கேஜ், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தாண்டி ஏறிவிட்டது. வேகம் மிஞ்சினால் பிடித்து நிறுத்த ஒரு கவர்னர் இருக்கிறதே, அது வேலை செய்து பிரேக் விழுந்ததால் கூண்டு, மேலே வடம் ஓடுகிற உச்சிச் சக்கரத்தில் போய் மோதவில்லை. உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, ஒருத்தருக்குக் கை முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. உயிர்ச்சேதம் இல்லை. விசாரணை வைத்தார்கள். டிரைவர் இழுக்கிற பிரேக்கில் ஒரு பாகம் தேய்ந்திருந்தது, டிரைவர் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். உங்கப்பாவுக்கு அதுதான் ஆரம்பம்.

ஆட்கள் யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கேஜில் கால் வைப்பதற்கு முன்னால், ஒவ்வொருத்தரும் இன்ஜின் வீட்டு ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறுவார்களாம். அவ்வளவுதான். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. அடுத்த வீட்டுக் கன்னியம்மாவின் புருஷன் அன்றைக்கு அந்தக் கேஜில் இருந்தவர். நல்ல மனுஷன். ஒரு நாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "நீ நாற்காலில குந்தினுகீறே, நாங்க வடத்துல தொங்கினுகீறோம். பாத்துக்கோ அண்ணாத்தே, அவ்ளோதான்." அவர் மறந்திருப்பார். உங்கப்பா மறக்கவில்லை. இன்ஜினியரிடம் போய், லீவு நாளில் நானும் ஒரு தடவை கேஜில் இறங்கி ஏறுகிறேன், வேறு டிரைவர் ஓட்டட்டும் என்று கேட்டிருக்கிறார். "உனக்குக் கீழே இன்னாப்பா வேலை? டிரைவர் இடம் நாற்காலி" என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார். அதன் பிறகு மனுஷன் லீவு நாளிலும் ஷாஃப்ட் வாசலில் போய் நிற்பார். வடம் ஓடி நிற்கிற வரைக்கும் பார்த்துவிட்டு வருவார். "இன்னாத்துக்குய்யா இந்த வேலை? லீவு குடுத்தா வீட்ல கெடக்கக் கூடாதா?" என்று நான் சண்டைக்கு நிற்பேன். "அவங்க போறாங்க, நான் போவலியே" என்பார். இதையே எத்தனை தரம் சொல்லியிருப்பார்! நீ புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாய். படிக்கிறாய் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

நீ பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது எனக்கு மனசு குளிர்ந்தது. ஷாஃப்ட் இல்லை, கேஜ் இல்லை, தரை மேல் வேலை என்று. முதல் வருஷம் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாய். களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தேன். உனக்கு அதில் உயிர். அன்றைக்குக் களியைக் கிள்ளிக் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தாய். உங்கப்பாதான் கேட்டார், "இன்னாடா மூஞ்சி தொங்குது?" என்று. "கவர்னர் கையைத் தப்பா கட்டிட்டேன் நைனா" என்றாய். கவர்னர் என்றதும் மனுஷனுக்குக் கண் மின்னியது. அந்தப் பேச்சு இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஏனென்றால் என் களித் துடுப்பை எடுத்து நீங்கள் இருவரும் பாடாய்ப் படுத்தினீர்கள்.

சுசீலா, உன் புருஷன் வீட்டில் வாயைத் திறக்க மாட்டான், அதனால் அவன் செய்கிற வேலையை நான் சொல்கிறேன் கேள். சிலிண்டர்கள் எல்லாம் வட்டமாகச் சுற்றி நிற்கிற பழைய விமான இன்ஜின் அது. அதன் மூக்கில்தான் விசிறி. அந்த விசிறியின் இறக்கைகளைக் கொஞ்சம் சாய்த்தால் காற்றை அதிகமாகக் கடிக்கும், சுற்று குறையும். நிமிர்த்தினால் லேசாகக் கடிக்கும், சுற்று ஏறும். கிளம்பும்போது முழுச் சுற்றும் வேண்டும். அதைப் பார்த்துக்கொள்கிற சின்னப் பெட்டிதான் கவர்னர். பெட்டிக்கு ஒரு கை இருக்கிறது. பைலட் தன் பக்கத்து லிவரைத் தள்ளினால், கம்பி வழியாக அந்தக் கை திரும்பும். கை எது வரைக்கும் போகலாம் என்பதற்குப் பெட்டியிலேயே ஒரு முட்டு வைத்திருக்கிறார்கள். லிவருக்கும் பைலட் பக்கத்தில் ஒரு முட்டு உண்டு. இரண்டில் எது முதலில் முட்ட வேண்டும் என்பதுதான் சங்கதி.

இவன் என்ன செய்தான் தெரியுமா? பைலட் கையில் லிவர் 'டக்'கென்று முட்டுகிற மாதிரி கட்டிவிட்டான். வேறு யாரும் அப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள். இவன் கட்டினான், ஏனென்றால் இவன் வைண்டிங் டிரைவர் பிள்ளை. லிவர் கடைசி வரைக்கும் போய் இரும்பில் முட்டுவது கையில் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் ஓட்டுகிறவன் நம்பலாம் என்று உன் மாமனார் இட்லி சாப்பிடும்போதுகூடச் சொல்வார். அது நாற்காலிக்காரனின் நியாயம். விமானத்தில் அது செல்லாது. பைலட் கையில் முட்டிவிட்டது, ஆனால் அந்தக் கோடியில் கவர்னர் கை தன் முட்டுக்கு எட்டவேயில்லை. பைலட் முழுசாகத் தள்ளியிருக்கிறார், சுற்று ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. நல்ல காலம், ஓடுபாதையிலேயே முள்ளைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"லிவர் முட்டணும்டா! முட்டலன்னா ஓட்டறவனுக்கு எப்படிடா தெரியும்?" என்று அன்றைக்கு உங்கப்பா உன் மேல் குதித்தார் அசோகா. நீ துடுப்பை எடுத்தாய். ஒரு முனையைச் சுவரில் வைத்து, கைப்பிடியைப் பானைப் பக்கம் கொண்டுவந்தாய். "அந்த முனை செவுத்துல முதல்ல முட்டணும் நைனா. என் கை பானையில முட்டக் கூடாது. கையில ஒரு நூல் எடம் பாக்கி இருக்கணும். அந்த ஒரு நூல் இருந்தாத்தான் அங்க முட்டிச்சின்னு அர்த்தம்." அவர் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார். சுவரில் வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். களி துணுக்கெல்லாம் சுவரில் அப்பிக்கொண்டது. நான் கத்திக்கொண்டிருக்கிறேன், யார் காதில் விழுகிறது? கடைசியில், "அதுவும் சரிதான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியமா? கவர்னர் தண்டில் பல் பல்லாக வெட்டியிருக்கும், ஒரு பல் தள்ளிக் கையை மாட்டினேன், மீதியைக் கம்பி நீளத்தில் சரி செய்தேன், கழலாமல் இருக்கக் கம்பி முறுக்கிக் கட்டினேன் என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். அவர் ஒன்றும் விடாமல் கேட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது. "சரி கட்டினே. சரியா இருக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். தரையில் பாதிதான் தெரியும், மேலே போனால்தான் முழுசும் தெரியும் என்றாய். யார் போவார்கள் என்று கேட்டார். அப்போதுதான் நீ சொன்னாய், உங்கள் ஒர்க் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு என்று. சட்டம் இல்லை, எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் கடைசியாகக் கை வைத்துக் கம்பி முறுக்கினவன் யாரோ, அவன் அந்த விமானத்தின் முதல் பறப்பில் பைலட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். "பெரிய மேஸ்திரி என் தோள்ல கைய வச்சாரு நைனா. கட்டினவன் ஏறணும்டான்னு சொன்னாரு. ஏறினேன். மேல போய்ப் பைலட் முழுசாத் தள்ளினாரு. முள்ளு நிக்க வேண்டிய எடத்துல நின்னுது."

குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டேன். உங்கப்பாவைப் பார்த்தேன், இரண்டு அறை விடுவார், இந்த வேலையே வேண்டாம் என்பார் என்று. அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தினார். உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடுத்து வச்சவன்டா நீ" என்றார். எழுந்து கை கழுவப் போனவர் அங்கேயே வெகு நேரம் நின்றார். எனக்கு வந்த ஆத்திரம்! பெற்ற பிள்ளை ஆகாசத்தில் தொங்கிவிட்டு வந்திருக்கிறான், இந்த மனுஷன் வாழ்த்துகிறாரே, புத்தி பேதலித்துவிட்டதா என்று அன்றைக்கு அவரோடு நான் பேசவேயில்லை. அதற்கப்புறம் அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார், ஆஸ்பத்திரிக்குப் போனார், போய்விட்டார். ஊர் நெஞ்சுவலி என்று சொல்லிக்கொள்ளட்டும். அந்த நாற்காலிதான் அவரைத் தின்றது என்று எனக்குத் தெரியும்.

இப்போது சொல், நான் எப்படி எழுதுவேன், "ஸ்டோருக்குப் போ" என்று? ஸ்டோர் கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்து எத்தனையோ பேர் மரியாதையாகக் குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. நீ கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுப்பாய். அதை வாங்கிக்கொண்டு போய் வேறு ஒருத்தன் கட்டுவான், அவன் ஏறுவான். நீ வெளியே வந்து நின்று, இறங்குகிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாய். வீட்டுக்கு வந்து, "அவங்க போறாங்க, நான் போவலியே" என்பாய். சுசீலா நான் போட்ட சண்டையைப் போடுவாள். அவளுக்கு அந்தப் பாவம் வேண்டாம். அந்த மாதிரி ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று என்னைக் கேட்டால் தெரியும்.

ஆனால் இவ்வளவு எழுதிவிட்டேன் என்று மீசையை முறுக்காதே. உன்னைப் பிடித்து உலுக்க வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து, சுசீலாவும் நானும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். நான் கேட்டேன், "ஏறி ஏறி இறங்கத்தானே செய்யறான், இப்ப இன்னா புதுசா பயம்?" என்று. தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எந்த நாள் ஏறுவாருன்னு சொல்ல மாட்டார் அத்தே. கேட்டா சிரிச்சிகினே போயிடுவார். அதனால எனக்கு எல்லா நாளும் அந்த நாள்தான். வானத்துல சத்தம் கேட்டா அடுப்ப அணைச்சிட்டுக் கதவச் சாத்திகினு உக்காந்துடுவேன். பக்கத்து வீட்டுல யாருக்கும் தெரியாது. ஃபாக்டரி வேலைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். வாய்விட்டுச் சொன்னா ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்குது."

அடப்பாவி! பயப்படுவாள் என்றுதானே சொல்லாமல் விட்டாய்? பெரிய கெட்டிக்காரத்தனம். மாதத்தில் என்றோ ஒரு நாள் பயப்பட வேண்டியவளை மாதம் முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார வைத்துவிட்டாயே. அதுவும் எந்த வயிறு! எங்களுக்காவது சங்கு இருந்தது. ஷிஃப்டுக்கு ஒரு சங்கு ஊதும், இனி பயப்படு என்று அர்த்தம். முடிகிற சங்கு ஊதினால் உலை வைக்கலாம். நேரங்கெட்ட நேரத்தில் ஊதினால் ஓட வேண்டும். பயத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. அவளுக்கு நீ என்ன வைத்திருக்கிறாய்?

இன்னொன்றும் எங்களுக்கு இருந்தது. அதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. கேஜ் தாண்டி ஏறின அன்றைக்கு, என்ன ஆயிற்று என்று தெரிவதற்கு முன்னாலேயே சங்கு ஊதிவிட்டது. லைன் மொத்தமும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினோம். எந்த வீட்டுப் பிள்ளையை எந்த வீட்டுக்காரி இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்று கணக்கில்லை. அங்கே ஒரு பழக்கம். வாசலில் எந்தப் பொம்பளையையும் தனியாக நிற்க விட மாட்டார்கள். யாராவது ஒருத்தி வந்து தோளோடு தோள் ஒட்டி நிற்பாள். ஆறுதல் சொல்ல மாட்டாள், ஒன்றும் ஆகாது என்று பொய் சொல்ல மாட்டாள், சும்மா நிற்பாள். ஆனால் அன்றைக்கு நான் எல்லோருக்கும் பின்னால், சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றேன். இறங்கினவர்கள் பெண்டாட்டிகள் முன்னால் நிற்கிறார்கள். நான் இறக்கினவன் பெண்டாட்டி. என் புருஷன் நாற்காலியில் பத்திரமாக இருக்கிறார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் அவர்கள் நடுவில் போய் நிற்பேன்?

கன்னியம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் கேஜுக்குள் இருக்கிறான், உயிரோடா இல்லையா என்று தெரியாது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தினாள். "உன் ஊட்டுக்காரன் கையிலதான் என் ஊட்டுக்காரன் இருக்கான். கம்முனு என்னாண்ட நில்லு" என்றாள். கேஜ் கதவு திறந்து ஆட்கள் வெளியே வருகிற வரைக்கும் அந்தக் கையை விடவில்லை. அவள் மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தாள், நான் புத்த விகாரையில் சொல்கிற ஐந்து சீலத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். "உங்க சாமி கைய நீட்டி ஒண்ணுமே கேக்கறதில்ல, அப்புறம் எப்படிடி குடுக்கும்?" என்று என்னைக் கேலி செய்கிறவள்தான் அவள். அன்றைக்குக் கேலி எல்லாம் இல்லை. அந்தக் கை மட்டும் இல்லாமல் போயிருந்தால், உன் அம்மா அந்தச் சுவரோரமே பைத்தியமாகியிருப்பாள்.

சுசீலாவுக்கு அந்தக் கை இல்லை. பயம் அவளுக்கு மட்டும் புதிதா என்ன? தனியாகப் பயப்படுவதுதான் அவளால் முடியவில்லை. அதற்கு அவள் கண்டுபிடித்த வழி ஸ்டோர். பாவம், வேறு வழி அவளுக்கு யார் சொன்னார்கள்?

ஆக, வாக்குக் கொடுத்தபடி எழுதுகிற தைரியம் எனக்கு இல்லை. வாக்குத் தவறினவள் நான்தான் சுசீலா, உன் புருஷன் இல்லை. திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு. அசோகா, நீ அந்த அதிகாரியிடம் போய், மரியாதையாக, ஸ்டோர் வேண்டாம் என்று சொல்லிவிடு. என் வாய் ஒன்று சொல்கிறது, வயிறு ஒன்று சொல்கிறது. நீ மேலே ஏறுவதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சமும் இஷ்டமில்லை. தரையில் உட்கார்ந்து, ஃபேனுக்குக் கீழே, தொப்பை போட்டுக் கிழவனாகிற பிள்ளையைத்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது என் ஆசை. என் ஆசைக்காக நீ உங்கப்பாவாக வேண்டாம்.

நான் பெங்களூருக்கு வந்து உங்களோடு இருக்க மாட்டேன் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, படி ஏற முடியவில்லை, இங்கே கன்னியம்மா தனியாகிவிடுவாள் என்றெல்லாம் சாக்குச் சொன்னேன். நிஜம் என்னவென்றால், உங்கள் வீட்டுக்கு மேலே அந்த விமானச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் என் கை நின்றுவிடும். இங்கே ஊரிகத்தில் இருந்தால் எனக்குக் கேட்காது, கேட்காவிட்டால் நீ தரையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் வரவில்லை. சுசீலா அங்கே எனக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

வருகிற சனிக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டேன். "போடி, அந்தப் பொண்ணுக்கு ஆள் வேணும். எனக்கு இங்க லைன் முழுக்க ஆள் இருக்குது" என்று என்னை விரட்டுகிறாள். பிள்ளை பிறந்து, அது தவழ்ந்து, நீங்கள் இருவரும் என்னைப் போ என்று சொல்கிற வரைக்கும் இருப்பேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்த நாள் ஏறுகிறாயோ, அந்த நாள் காலையில் செருப்பை மாட்டுவதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு ஏறறேன்" என்று சொல்லிவிட்டுப் போ. சிரித்து மழுப்பாதே. மற்ற நாட்களில் அவள் நிம்மதியாகச் சோறு பொங்கட்டும்.

அந்த ஒரு நாளில் நாங்கள் இருவரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்போம். அவள் என்னை ஒட்டிக்கொண்டு நிற்பாள், நான் அவளுக்கு ஆறுதல் எதுவும் சொல்ல மாட்டேன். இறங்கினதும் அங்கே டீ குடித்துக்கொண்டு, கதை பேசிக்கொண்டு நிற்காதே. எண்ணெய்க் கையோடு பரவாயில்லை. நேராக வீட்டுக்கு வா.

உன் அம்மா